தாலி கட்டுவதற்குள் அணைந்துபோகிற பெட்டி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மகளின் கல்யாண வீடியோவைப் போட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிற இடம் வரைக்கும் ஒழுங்காக ஓடும். அத்தோடு பெட்டி பட்டென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் இப்போது வருகிறது, அப்போது வரவில்லை. ஏனென்றால் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் தாலி கட்டியதைப் பார்க்காமல் விட்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரி. பெண்ணைப் பெற்றவள்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. பறித்துப் போட்டால் பறித்த கூலிக்குக் கட்டாது என்று பல இடங்களில் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. அதற்குள் காட்டெருமைகள் வந்து குடித்தனம் நடத்தின. நான் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பாதி நாள் பூட்டிக் கிடந்தது. குன்னூரில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்கிற நிலைமை இல்லை. தோட்டத்து முருகன் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டோம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மண்டபத்துக்கு முருகனை அழைக்க வேண்டும். இங்கே அவர் வீட்டிலேயே நடக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கோயில் மேட்டில் இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லைன் வீடு கீழே. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்காரிக்கு மெட்டி ஞாபகம் வந்தது. காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டவள் அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறாள். யாரையாவது அனுப்பியிருக்கலாம். சாமிகிட்ட வெச்சதை வெச்ச கைதான் எடுக்கணும் என்று யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். மெட்டியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறி வரும்போது, பாதை திரும்புகிற இடத்தில் ஒரு காட்டெருமை நின்றது.

எங்கள் பக்கம் இது அதிசயம் இல்லை. அது நின்றால் நாமும் நிற்க வேண்டும், அது நகர்ந்தால் நாமும் நகரலாம். அவ்வளவுதான் சட்டம். அன்றைக்கு அது நகரவில்லை. மேலே கெட்டிமேளம் கொட்டியது. காட்டெருமை காதை ஒரு தடவை ஆட்டிவிட்டு மேய்ந்தது. இந்தப் பக்கம் பட்டுப்புடவையும் சால்வையுமாக இவள் நின்றாள்.

மேலே இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெண்கள் கூட்டத்தில் எங்கேயாவது நிற்பாள் என்று நான் நினைத்தேன். அய்யர், நல்ல நேரம் முடியப் போகிறது, அப்புறம் ராகு காலம் என்று அவசரப்படுத்தினார். தாலி கட்டியாயிற்று. மகளை அம்மி மிதிக்க எழுப்பி நிறுத்தியபோது வீட்டுக்காரி மூச்சு வாங்க வந்து மெட்டியை நீட்டினாள். மெட்டி மட்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

மகளை வண்டி ஏற்றி அனுப்பிய பிறகுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“புள்ளைகிட்ட மூச்சு விட்டுறாதீங்க. அம்மா பாக்கலையேன்னு காலத்துக்கும் மனசுல வெச்சுக்குவா.”

“சரி.”

“வீடியோ வருமில்ல. அதுல பாத்துக்கறேன்.”

அப்படி அவள் நம்பி உட்கார்ந்திருந்த வீடியோதான் தாலிக்கு முன்னால் அணைந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் ஃபேக்டரி ஆபீசில் இருந்தது. ஆபீசைச் சுருக்கியபோது, பழசுதானே, எடுத்துட்டுப் போ என்று கொடுத்துவிட்டார்கள். மகள் அப்போது கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அதில் டைப் மட்டும் அடித்துப் பழகினாள். அதுவரைக்கும் பெட்டி ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. கல்யாணமாகி மாப்பிள்ளையோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வருஷங்களில் பனியன் கம்பெனிக்குத்தான் போனார்கள். போகும்போது எனக்குச் சிடி போடுவதற்கும், வேலை முடிந்தால் பெட்டியை முறையாக அணைப்பதற்கும் கற்றுக்கொடுத்தாள். அணைப்பது எனக்குக் கடைசிவரை தேவைப்படவில்லை. அதைப் பெட்டியே பார்த்துக்கொண்டது.

சிடி வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரி குளித்து, விளக்கேற்றி, நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார். அவர் சிலோன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலேறி இங்கே வந்த குடும்பம். எங்களைவிட மூத்தவர். எந்த நல்லது கெட்டதுக்கும் கண்டியில் ஒரு முன்கதை வைத்திருப்பார்.

வீடியோவில் முதலில் ரோஜாப் பூக்கள் சுற்றின. அப்புறம் மகளும் மாப்பிள்ளையும் ஒரு இதயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பிள்ளையார் பூஜை. அப்புறம் டிபன். வீடியோக்காரர் இட்லியை ரொம்ப நேரம் எடுத்திருந்தார்.

“ஏனுங்க, இந்த ஆளு கல்யாணத்துக்கு வந்தானா, இட்லிக்கு வந்தானா?” என்றாள் வீட்டுக்காரி.

“பசி போல இருக்கு,” என்றார் அக்கா.

நான் அதைத் தள்ளிவிட்டுத் தாலிக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். எப்படித் தள்ளுவது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்டேன். வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“பிள்ளையாரைத் தாண்டிட்டுத் தாலிக்குப் போறதா? அங்க என்ன முறையில நடந்துச்சோ அந்த முறையிலதான் பாக்கணும்.”

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆகவே வரிசைப்படி பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பு, பாத பூஜை, முகூர்த்தப் புடவை. அய்யர் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டிவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தார். வீட்டுக்காரி கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். பெட்டி உர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்தது.

மறுநாளும் பிள்ளையாரிலிருந்து ஆரம்பித்தோம். தாலித் தட்டில் செத்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த இட்லிகளை எங்களுக்கு ஒவ்வொன்றாக அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவன். அரைத்துப் புளிக்க வைத்த இலையைச் சூடான காற்றில் காய வைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே என் வயசு போனது. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஈரம் போனால் எல்லாம் சரியாகும் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். வீட்டிலும் அதுதான் அனுபவம். எங்கள் மலையில் உப்பு கசியும். தீப்பெட்டி நமுக்கும். அப்பளம் துணி மாதிரி துவளும். ரேடியோ கரகரக்கும். எதுவாக இருந்தாலும் அடுப்பு மேட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைத்திருந்தோம். ஜன்னல் இடுக்கில் பனி உள்ளே வரும்.

“குளிர் புடிச்சிருச்சு,” என்றேன்.

வீட்டுக்காரிக்கும் அது நியாயமாகப் பட்டது. இருவரும் பெட்டியைத் தூக்கி, சமையலடுப்புக்குப் பின்பக்கம் இருக்கிற சுவரோரம் வைத்தோம். அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பூனை படுக்கிற இடம். பூனையை விரட்டிவிட்டுப் பெட்டியை வைத்தோம்.

அன்றைக்குத் தாலித் தட்டு வருவதற்குள்ளேயே, முகூர்த்தப் புடவை கொடுக்கும்போது அணைந்தது.

“பாத்தீங்களா, நெஞ்சுல சளி கட்டின மாதிரி சத்தம் வருது,” என்றாள் வீட்டுக்காரி. அவளுடைய பழைய கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்து பெட்டிக்குப் போட்டாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கைகள் இரண்டையும் பின்பக்கம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். சுவிட்சு மட்டும் கழுத்து வழியாகத் தெரியும்.

பாத பூஜையில் அணைந்தது.

நோய் முற்றுகிறது என்று நினைத்தோம். மருந்தைக் கூட்டினோம். கோழிக்குஞ்சுக்குக் கட்டித் தொங்கவிடுகிற மாதிரி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். ஸ்வெட்டருக்கு மேலே ஒரு சால்வையும் போர்த்தினோம். அன்றைக்கு இட்லிக்கே போகவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கையை ஓங்கிய இடத்தில் அணைந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அதுவரைக்கும் பெட்டி விஷயத்தில் தலையிடாமல் இருந்தார். தேங்காய் உடைபடாமல் நின்றதும் வாயைத் திறந்துவிட்டார்.

“தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நாங்க கண்டியில இருக்கையில எங்க லயத்து வீட்டு வரிசையில ஒரு கல்யாணம். தாலி கட்டையில கரண்டு போச்சு.”

“அப்புறம் என்னாச்சுங்க அக்கா?”

“என்னா ஆச்சுன்னு தெரியல. நாங்க கப்பலேறிட்டோம்.”

அவர் போன பிறகு வீட்டுக்காரி சாமி படத்துக்கு முன்னால் போய் விளக்கைத் தூண்டினாள். அப்புறம், “புள்ளை நல்லா இருக்காளான்னு ஒரு போன் போடுங்க,” என்றாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இருவரும் போய் நின்று பேசினோம். மகள் நன்றாகத்தான் இருந்தாள். அவள் அம்மாவிடம் கேட்டாள்:

“வீடியோ பாத்தாச்சாம்மா?”

“ஓ, பாத்தாச்சு கண்ணு.”

“தாலி கட்டறது நல்லா விழுந்திருக்கா?”

“ரொம்ப நல்லா விழுந்திருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இது ஒரு பெட்டியின் விவகாரமாக இல்லை. நான் முருகனிடம் நேராகவே கேட்டேன். உன் சந்நிதியில், உன் கண்ணுக்கு முன்னால் கட்டின தாலி. நீ பார்த்தாய், ஊரே பார்த்தது. பெற்றவளுக்கு மட்டும் ஏன் இந்தத் தடை என்று கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பெட்டிக்கு நன்றாகச் சாம்பிராணி காட்டினேன். திருநீறு பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி இரண்டு பக்கமும் வைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. டிரையருக்குப் பொட்டு வைக்காமல் நான் ஒரு நாளும் சுவிட்சு போட்டதில்லை. மெஷினும் நமக்குச் சோறு போடுகிறதுதானே. ஆனால் இந்த மெஷினுக்குச் சாம்பிராணி ஒத்துக்கொள்ளவில்லை. ரோஜாப் பூவிலேயே அணைந்தது.

இனி வைத்தியரிடம் போக வேண்டியதுதான் என்று, ஒரு விடுப்பு நாளில் ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குன்னூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது கம்பளியைப் பார்த்தார்.

“காய்ச்சலுங்களா?”

“கம்ப்யூட்டருங்க. வீடியோ ஓட மாட்டேங்குது.”

“தலையை நல்லா மூடுங்க. வளைவுல காத்து அடிக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். கேலிதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் மூடினேன்.

பஜாரில் ஒரு பாய் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் அங்கேதான். ஜெராக்ஸ் மெஷின் சூட்டுக்காக ஓடிக்கொண்டிருந்த மேஜை விசிறிக்கு முன்னால் பெட்டியை வைத்து, கம்பளியை உரித்து மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அவருடைய திரையில் மாட்டிச் சிடியைப் போட்டார். ரோஜாப் பூ சுற்றியது. தேங்காய் உடைந்தது. இட்லி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டி இருமக்கூட இல்லை. பாத பூஜை போயிற்று, புடவை போயிற்று, அய்யர் தாலித் தட்டை எடுத்தார்.

“நிறுத்துங்க பாய்,” என்றேன்.

“எதுக்குங்க அண்ணா? இந்த இடத்துலதான அணையுதுன்னீங்க? தாண்டுதான்னு பாத்தாத்தான டெஸ்ட் முடியும்?”

“இதை என் சம்சாரம்தான் முதல்ல பாக்கணும்.”

“நீங்க கல்யாணத்துலயே பாத்திருப்பீங்களே?”

“அது வேறங்க.”

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், காட்டெருமை உட்பட. அவர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். “படத்தை யாரும் பாக்க வேண்டாம். ஓடுதான்னு காதுல கேப்போம்,” என்றார். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேரும் கையில் காகிதத்தோடு எங்களோடு சேர்ந்து நின்றார்கள். சுவரைப் பார்த்தபடி திரை ஓடியது. எங்களுக்குக் கெட்டிமேளம் மட்டும் கேட்டது.

அவள் அன்றைக்குப் பாதையில் நின்று கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். குன்னூர்க் குளிருக்கு எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை.

கெட்டிமேளம் முடிந்து, அட்சதை போட்டு, ஆரத்தி வரைக்கும் ஓடியது. பெட்டி அணையவே இல்லை.

“பெட்டியில ஒண்ணும் இல்லீங்க அண்ணா. அண்ணியை இங்கயே கூட்டிட்டு வாங்களேன், உக்காந்து பாத்துட்டுப் போகட்டும்.”

வீட்டில் வந்து சொன்னேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “என் மக தாலி ஏறறதை நான் ஜெராக்ஸ் கடையில உக்காந்து பாக்கணுமா?”

சரி, பெட்டிதான் நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலேயே மாட்டினேன். பஸ்ஸில் பனியில் வந்த பெட்டி என்பதால், வீட்டுக்காரி பழையபடி ஸ்வெட்டரும் சால்வையும் போட்டு, கூடுதலாக இன்னொரு சால்வையும் போர்த்தினாள். பல்பையும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தினேன். இட்லிக்கு முன்னால் அணைந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ப் பாய்க்குப் போன் போட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கரண்டு சரியாக வருகிறதா, ஒயர் ஆடுகிறதா, திரை நீலமாகிறதா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, “பெட்டி சூடாகுதுங்களா?” என்றார்.

அவர் கவலைப்படுகிறார் என்று நினைத்து நான் தைரியம் சொன்னேன். “அந்தக் குறையே வேண்டாமுங்க. நல்லா கதகதன்னு வெச்சிருக்கோம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நான் தொட்டியைச் சுற்றி ஒரு அடி நகர்ந்து நின்றேன்.

“அண்ணா,” என்றார் பாய் மெதுவாக, “ஞாயித்துக்கிழமை நானே வரேன். அதுவரைக்கும் தயவு செஞ்சு அதைப் போடாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். உள்ளே வந்து சுவரோரம் பெட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண்ணில் பட்ட வரிசை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சால்வை, அதற்குள் இன்னொரு சால்வை, அதற்குள் கையைப் பின்னால் கட்டிய ஸ்வெட்டர், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் திருநீறு, பக்கத்தில் எரிகிற பல்பு.

“இது யாரு ஸ்வெட்டருங்க?”

“என்னுதுங்க,” என்றாள் வீட்டுக்காரி. “பழசுதான், ஆனா கிழிசல் இல்லை.”

“பல்பு?”

“நான்தானுங்க,” என்றேன்.

“இந்தச் செவுரு ஏனுங்க சுடுது?”

“பின்னாடி அடுப்பு.”

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துவிடக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். நல்ல மனுஷர். ஒவ்வொரு துணியாக அவிழ்த்து, மடித்து வைத்து, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விசிறியே தெரியாதபடி பழுப்புப் பஞ்சு அடைத்திருந்தது. தேயிலை சலிக்கும்போது காற்றில் பறக்கிற பஞ்சு. ஃபேக்டரி ஆபீசில் இருந்த வருஷமெல்லாம் பெட்டி அதைத் தின்றிருக்கிறது. அதன்மேல் சாம்பிராணிக் கரி. அதன்மேல் திருநீறு.

“அண்ணா, வெந்நி ஊத்தினா இதுல எல்லாருக்கும் டீ கிடைக்கும்,” என்றார்.

தூசி ஊதுகிற மெஷினை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டுக்காரி அடுப்பு ஊதுகிற குழலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாசலில் வைத்து ஊத, பஞ்சு மொத்தமும் அவர் தாடியில் போய் ஒட்டியது. ஊதி முடித்து, ஒரு பிரஷ்ஷால் துடைத்தபடியே எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

“டைப் அடிக்கறது உக்காந்து பாக்கற வேலைங்க. வீடியோ ஓடறது மூட்டை தூக்கிட்டு மலை ஏறற மாதிரி. அப்ப அதுக்கு உடம்பு கொதிக்கும். கொதிக்கறவனுக்கு நீங்க ஸ்வெட்டர் போட்டு, ரெண்டு சால்வை போத்தி, அடுப்புல சாய்ச்சு வெச்சு, மூஞ்சிக்கு நேரா பல்பும் போட்டிருக்கீங்க. அது சாகறதுக்குள்ள தானே அணைஞ்சு உசுரைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு.”

“அப்ப உங்க கடையில மட்டும் எப்படிங்க நல்லா ஓடுச்சு?”

“எங்கிட்ட வரும்போது நான் கம்பளியை உரிச்சுட்டேனே. மேஜை விசிறிக் காத்தும் மேல அடிச்சுது.”

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப தோஷம் ஒண்ணும் இல்லைங்களா?”

“தோஷம் இல்லீங்க அக்கா. ஸ்வெட்டர்.”

அக்காவுக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. பாய் என் பக்கம் திரும்பி, “திருநீறு வேண்டாமுன்னு நான் சொல்லலை அண்ணா. வெளியில பூசுங்க. அந்த ஓட்டை வழியா மட்டும் உள்ள போடாதீங்க,” என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தடை நீங்க வேண்டும் என்று நான் கேட்டேன். முருகன் குன்னூரிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பாயை அனுப்பினார். அவர் யார் மூலமாக அனுப்புவார் என்று நாம் முடிவு செய்ய முடியாது.

பெட்டியை மறுபடி ஜன்னலோரம் வைத்தார். பக்கத்துத் தகட்டை மாட்ட வேண்டாம், வாசல் கதவையும் திறந்தே விடுங்கள் என்றார். டீ குடித்தார். படம் பாருங்கள் என்று எவ்வளவோ சொன்னோம். “வீட்டு ஆளுங்க பாருங்க,” என்று கிளம்பிவிட்டார். அக்காவும் அன்றைக்கு என்னவோ படம் பார்க்க உள்ளே வரவில்லை.

நாங்கள் இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். வாசல் வழியாகப் பனி வந்து முழங்காலைச் சுற்றியது. பிள்ளையாரிலிருந்து ஆரம்பித்தோம். தேங்காய் உடைந்ததற்கு வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இட்லி ஒவ்வொன்றாக வந்து போனது. அய்யர் தட்டைச் சுற்றிக் காட்டினார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

தாலியைவிட முதுகுகள்தான் அதிகம் தெரிந்தன. அதில் பெரிய முதுகு என்னுடையது. அதை வீட்டுக்காரி கவனித்தாள் என்பது எனக்குத் தெரியும். என் முதுகு விலகியதும் மகளின் முகம் தெரிந்தது. மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. எல்லாப் பெண்களும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். இவள் தலையை நிமிர்த்தி, பந்தலுக்கு வெளியே ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரரின் குரல், “தலையைக் குனிஞ்சுக்கம்மா,” என்றது. அவள் குனியவில்லை. கழுத்தை இன்னும் நீட்டிப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று குனிந்துகொண்டாள்.

அட்சதை பறந்தது. வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“என்னைத் தேடியிருக்கா,” என்றாள். “தேடிப் பாத்துட்டு, இல்லைன்னு தெரிஞ்சுதான் தலையைக் குனிஞ்சிருக்கா.”

இத்தனை பாடுபட்டு ஓடவைத்த வீடியோ இதைத்தானா காட்ட வேண்டும் என்று இருந்தது. பேசாமல் பல்பை இன்னும் கிட்டத்தில் வைத்திருக்கலாம்.

“நான் சொல்லிடறேன்,” என்று எழுந்தாள். “இனி மறைச்சு என்ன ஆகப் போகுது.”

தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவள் ஊர்க் கதை பேசினாள். அப்புறம் ஒரே மூச்சில், “கண்ணு, உனக்குத் தாலி கட்டும்போது அம்மா அங்க இல்லை,” என்றாள்.

“தெரியும்மா.”

மகள் குரல் உரக்க வரும். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“என்ன தெரியும்?”

“வீடியோக்காரரு வெளிச்சம் பத்தலைன்னு அந்தப் பக்கத்துத் தார்பாயைத் தூக்கிக் கட்டிட்டாரில்ல. உக்காந்த இடத்துல இருந்து பாதை பூராத் தெரிஞ்சுது. கீழ செடியெல்லாம் கட்டையா கவாத்து வெட்டின இடந்தான, மறைக்க என்ன இருக்கு? வளைவுல காட்டெருமை நின்னுச்சு. அதுக்கு அந்தப் பக்கம் நீ நின்னே.”

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

“உன்னையத்தான் பாத்துட்டு இருந்தேன்,” என்றாள் மகள். “கெட்டிமேளம் கொட்டினதும் நீ ரெண்டு கையையும் சேத்து மேல தூக்கிக் கும்பிட்டே. அம்மா ஆசீர்வாதம் கிடைச்சிருச்சுன்னுதான் தலையைக் குனிஞ்சேன்.”

“இதை ஏண்டி இத்தனை நாளா சொல்லலை?”

“நீ ஏன் சொல்லலை?”

போனில் திருப்பூர்த் தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் மகள், “அந்தக் காட்டெருமை ஒண்ணுதாம்மா அன்னைக்குப் பந்தி எப்பன்னு கேக்காம நின்னுச்சு,” என்றாள். அம்மாவும் மகளும் சிரிக்க ஆரம்பித்து, என்னை மறந்து வெகு நேரம் சிரித்தார்கள்.

போனை வைத்த பிறகும் வீட்டுக்காரி தொட்டிச் சுவரிலேயே சாய்ந்து நின்றாள்.

“ஏனுங்க.”

“சொல்லு.”

“நான் கும்பிடலைங்க.”

“என்ன?”

“அது தலையை ஆட்டிட்டு ஒரு எட்டு என் பக்கம் வெச்சுது. பயந்துட்டேன். மெட்டி கீழ விழுந்துட்டா தேட முடியாதேன்னு ரெண்டு கையையும் சேத்து இறுக்கிப் புடிச்சு நெஞ்சுக்கு மேல தூக்கிட்டேன். அதைத்தான் புள்ளை கும்பிட்டேன்னு நினைச்சிருக்கா.”

நான் கோயில் பக்கம் பார்த்தேன். பனியில் கோபுரம் தெரியவில்லை, விளக்கு மட்டும் தெரிந்தது.

“அப்ப வாயில ஏதாவது சொன்னயா?” என்று கேட்டேன்.

“முருகா, முருகா, முருகான்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?”

“அப்புறம் என்ன,” என்றேன். “கையைச் சேத்து வெச்சு, அவரு பேரைச் சொல்லியிருக்கே. பயந்து சொன்னதா, ஆசையில சொன்னதான்னு அவரு பிரிச்சா பாப்பாரு?”

அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“இருந்தாலும் புள்ளைகிட்ட சொல்ல வேண்டாமுங்க,” என்றாள்.